டொக்கு சாரும் உறுமும் பெட்டியும்

காலை ஆறு பன்னிரண்டுக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். முதலில் தெரிந்தது ஒரு காது. கதவில் ஒட்டியிருந்த அந்தக் காது, கதவு உள்பக்கம் நகர்ந்ததும் தானும் இரண்டு அங்குலம் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால்தான் மனிதர் வந்தார்.

விருத்தாசலத்தில் அந்தக் காதுக்குத் தெரியாமல் ஒரு டம்ளர்கூட விரிசல் விட முடியாது. நான் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பத்தொன்பது வருடம் பத்திரிகையில் நிருபராக இருந்தவன். கூட்டிச் சொன்னதையெல்லாம் அங்கே வெட்டிவிடுவார்கள், பழக்கம் போய்விட்டது.

அவர் எங்கள் வீட்டுக்காரர். கீழே அவர், மாடியில் நானும் என் மனைவி சுமதியும். தன் மனைவி இறந்த பிறகு அவர் ஆறு வருடமாகத் தனியாக இருந்தார். மகள் ஓசூரில். ஊரில் அவருக்குப் பெயர் டொக்கு. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவிலேயே வழி கேட்ட கூரியர்காரர் இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறார்.

சூளையில் வெந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பதுதான் அவர் முப்பது வருடம் பார்த்த வேலை. கையில் ஒரு சாண் நீள வேப்பங்குச்சி. கட்டைக்கு ஒரு தட்டு. 'ணங்' என்று கேட்டால் நல்லது, வலது பக்கக் கூடை. 'டொக்' என்று கேட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல், இடது பக்கம். போடும்போது வாயாலும் "டொக்கு" என்று தீர்ப்புச் சொல்வார். ஒரே வார்த்தையை நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். குச்சி ஓய்வு பெறவில்லை. பாலக்கரை டீக்கடையில் ஒரு கண்ணாடி டம்ளரைத் தட்டி, "டொக்கு. ஒரு வாரந்தான்" என்றார். எட்டாம் நாள் அது ஒருவர் கையில் சூடான டீயோடு இரண்டானது. கடைக்காரர் அதற்குப் பிறகு புது டம்ளர் வாங்கினால் இவர் வந்து தட்டும்வரை அடுக்கில் ஏற்றமாட்டார். சாலையில் வண்டியை நிறுத்திய போக்குவரத்துக் காவலரின் ஹெல்மெட்டைத் தட்டி, "சார், இத மாத்திடுங்க" என்றிருக்கிறார். ஹெல்மெட் அப்போது காவலர் தலையில் இருந்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் சீர்வரிசையாக வைத்த பித்தளைக் குடத்தைத் தட்டினார். சபை நடுவே "டொக்கு" என்றார். குடத்தைக் கவிழ்த்தால் அடியில் ஈயம் பூசிய ஒட்டு. இரண்டு வீட்டாரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். சம்பந்திகள் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று சொல்கிறார்கள்.

நாங்கள் வீடு கேட்டுப் போனபோது, வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை. "மாடிப்படி ஏறி எறங்குங்க" என்றார். ஏறி இறங்கினோம். "செருப்பு இல்லாம இன்னொருக்கா." அதையும் செய்தோம். பிறகு என்னைப் பார்த்து, "தும்முங்க" என்றார்.

"தும்மல் வரலியே சார்."

"வந்தா எப்படி வரும்? அத செஞ்சி காட்டுங்க."

செய்து காட்டினேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் தேர்ச்சி கொடுத்துவிட்டார். சுமதியிடம் ஒரே கேள்வி. குக்கரில் எத்தனை விசில்? "நாலு" என்றாள்.

"மூணு வெய்ங்க டீச்சரம்மா. பருப்பு வேவலன்னா முன்னாடியே ஊற வெச்சிடுங்க."

இன்றுவரை எங்கள் வீட்டில் மூன்று விசில்தான்.

எங்களுக்கு முன்னால் மூன்று குடும்பங்கள் காலி செய்திருந்தன. ஒன்று ஃபிரிட்ஜ் சத்தத்துக்காக. இன்னொன்று ஒரு டெய்லர் குடும்பம், மோட்டார் வைத்த தையல் மெஷினுக்காக. மூன்றாவது குடும்பம் மீன் வளர்த்தது. மீன்கள் சத்தம் போடவில்லை, தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் போட்டதாம். இதையெல்லாம் தெரிந்துதான் குடிவந்தோம். சுமதிக்குப் பள்ளிக்கூடம் நாலு நிமிட நடை. அதற்கு முன் நல்லூரிலிருந்து தினமும் நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, எட்டு பீரியடும் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள். ஐந்து வருடத்தில் நான்கு வீடு மாறியிருந்தோம். "இனிமே ஒரு தடவகூட என்னால சாமான் கட்ட முடியாதுங்க" என்று வீட்டுக்குள் நுழைந்த அன்றே சொல்லிவிட்டாள்.

காது வந்த அந்தக் காலைக்கு வருவோம்.

"இன்னா பேப்பரு, உள்ள இன்னா உறுமுது?" என்றார். நான் பத்திரிகைக்காரன் என்பதால் அவருக்கு நான் பேப்பர்.

உறுமியது என் கம்ப்யூட்டர். பழைய இரும்புப் பெட்டி ஒன்றில் நான்கு ஹார்ட் டிஸ்க் போட்டு, பத்தொன்பது வருடத்துப் போட்டோக்களையும் செய்திகளையும் அதில் சேர்த்து வைத்திருந்தேன். மணிமுத்தாற்று வெள்ளம், தேர், மறியல், எரியாத தெருவிளக்கு, எரிந்த தெருவிளக்கைத் திறந்துவைத்த பிரமுகர், எல்லாம். பத்திரிகைக்காரர்கள் யாராவது எங்கிருந்தாவது பழைய படம் கேட்பார்கள், நெட் வழியாக அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அதனால் பெட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது சத்தமாகவே தெரிந்ததில்லை.

டொக்கு சார் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். குச்சியின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் வைத்துக் கேட்பது மாதிரி. அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்டார்.

"இதுல நாலு தட்டு சுத்துது. நல்ல சத்தம். முன்னாடி ஒரு ஃபேனு, அதுவும் பரவால்ல. பின்னாடி இருக்குது பாருங்க குட்டிப் பொட்டி, அதான் டொக்கு."

அவருக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தவோ ஓட்டவோ தெரியாது. ஆனால் சொன்னது சரி. அது எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் கரண்ட்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி பிரித்துக் கொடுக்கிற பெட்டி. வேலை செய்தால் சூடாகும். சூட்டை வெளியே தள்ள அதற்குள்ளேயே ஒரு ஃபேன் இருக்கும். என்னுடையதில் அந்த ஃபேனுக்கு வயதாகிவிட்டது.

"சார், பின்னாடி ஜங்ஷன். தினம் எத்தன ரயில் போவுது. அதெல்லாம் உங்கள ஒண்ணும் பண்ணலியா?"

"ரயிலு வருது, போயிடுது. உங்க பொட்டி போவவே மாட்டேங்குதே."

பிறகு தேதி குறித்தார். ஆடி பிறக்கப் பதினெட்டு நாள் இருந்தது. "ஆடி பொறந்துட்டா எவனும் வூடு மாத்த மாட்டான். அப்புறம் ஒரு மாசம் இதோட நான் குடித்தனம் பண்ண முடியாது. அதுக்குள்ள ஒண்ணு சத்தம் போவணும், இல்லன்னா நீங்க போவணும். கோச்சிக்காதீங்க."

உள்ளேயிருந்து சுமதி என்னைப் பார்த்தாள். கோபம் அவள் முகத்தில் இல்லை. மேலே பரணில் காலி அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பார்த்தாள். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மங்கலம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடை பாய் இருக்கிறார். அவரிடம் போகலாம் என்று கிளம்பினேன். டொக்கு சார் சட்டையை மாட்டிக்கொண்டு படியில் நின்றிருந்தார். "நீங்க தனியா போனா எதாவது ஒண்ண தலையில கட்டிடுவான்" என்றார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, மூன்றாவது கியரைப் பற்றி அவருக்கு இருந்த வருத்தத்தை டிரைவரிடம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். மங்கலம்பேட்டையில் நாங்கள் இறங்கியதற்கு டிரைவர் பட்ட சந்தோஷத்தை நான் வேறெந்த டிரைவரிடமும் பார்த்ததில்லை.

பாய் முறைப்படி விசாரித்தார். எத்தனை டிஸ்க், கேம் ஆடுவீர்களா, எப்போதும் ஓடுமா. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, உங்களுக்குப் பெரிய எஸ்.எம்.பி.எஸ்ஸு போடணும். நல்ல கம்பெனி பொட்டின்னா ஒரு விசயம் இருக்குது. வேல கம்மியா இருந்தா அதுல ஃபேனே சுத்தாது. சூடு ஏறுனாதான் எழுந்திருக்கும். உங்க நாலு டிஸ்க்கு அதுக்கு வேலயே இல்ல, தூங்கிட்டே கெடக்கும். எங்கிட்ட இப்ப இல்ல. மச்சான் துபாய்லேர்ந்து பத்து நாள்ல வரான், எடுத்தாரச் சொல்றேன்."

"பெருசா?" என்றார் டொக்கு சார். "பெரிய மோட்டாருன்னா பெரிய சத்தந்தான? சின்னதா காட்டுங்க."

"ஐயா, அப்படி இல்லீங்க இது..."

அதற்குள் டொக்கு சார் கவுன்டரில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். "டொக்கு. டொக்கு. இது பரவால்ல. டொக்கு."

"ஐயா, இது எஸ்.எம்.பி.எஸ்ஸு. தேங்கா இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான் பாய். உள்ள விரிசல் இருந்தா தட்டுனா சொல்லிடும்." இருப்பதிலேயே சின்னதை எடுத்துக் காதருகில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். முகம் மலர்ந்தது. "ணங்குன்னு இருக்குது. இதக் கட்டுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வீட்டுக்காரர் பொறுக்கிய பெட்டியைப் பற்றி வீட்டுக்காரரே புகார் சொல்ல முடியாது என்பது என் யோசனை. பத்தொன்பது வருடம் அரசியல் செய்தி எழுதியவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

வீட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். நான்கு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் சுழல ஆரம்பிக்கும்போது ஒரு மடக்குக் கரண்ட் அதிகமாகக் கேட்கும். சின்னப் பெட்டியால் அதைக் கொடுக்க முடியவில்லை. 'டிக்' என்று அணைந்தது. திரும்பப் போட்டேன், 'டிக்'. ஐந்தாவது தடவை எப்படியோ எழுந்துகொண்டது. எழுந்ததும் அதன் கட்டைவிரல் அளவு ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுற்றியது. கீழேயிருந்து குரல் வந்தது.

"பேப்பரு! ரைஸ் மில்லா வெச்சிருக்கீங்க?"

"நீங்க பொறுக்குனதுதான் சார்!"

"தட்டும்போது நல்லாத்தான இருந்துச்சு" என்று சின்னக் குரலில் வந்தது.

பழைய பெட்டியையே திரும்ப மாட்டினேன். மறுநாள் அவர் தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார். தான் வேலை பார்த்த பீங்கான் யூனிட்டிலிருந்து ஒரு டிரை சைக்கிளில் சூளைச் செங்கல்லும், மூட்டையாக வெள்ளைப் பஞ்சும் வந்து இறங்கின. சூளைக்கு உள்பக்கம் ஒட்டுகிற பஞ்சு அது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே பஞ்சு போர்த்தி, இன்னொரு வரிசைக் கல்லும் அடுக்கிவிட்டார். காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை.

"எப்படி?" என்றார்.

"அருமை சார். ஆனா சூடு..."

"சூடா? வெளியில ஒரு சொட்டு வராது. ஆயிரம் டிகிரியத் தாங்குற கல்லு இது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சூடு வெளியே வரவில்லை. நாற்பது நிமிடத்தில் என் போனுக்குக் கம்ப்யூட்டரிடமிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது, அடுத்து இன்னொன்று, மூன்றாவது வரவில்லை. கல்லைப் பிரித்தால் உள்ளே அனல் அடித்தது. பெட்டி தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடத்தை ஒரு வேக்காடு போட்டு எடுத்திருந்தார்.

"சார், இது சூளை சார்."

"சத்தம் வந்துச்சா, வரலியா? அதச் சொல்லுங்க."

"செத்துட்டா எப்படி சார் வரும்?"

குளிர்ந்ததும் போட்டுப் பார்த்தேன். நல்லவேளை, எல்லாப் படமும் இருந்தது. செங்கல் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. சுமதி அதில் இரண்டை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நாள் ஓடியது. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீடு காலியாக இருப்பதாகத் தெரிந்து, சுமதிக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல வீடுதான். அங்கிருந்து பள்ளிக்கு மறுபடியும் பஸ். சாவியைத் தருகிறேன் என்றார்கள், இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்கு வந்தால் சுமதி பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். நான் எங்கே போய் வந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

ஆடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாய் ஸ்கூட்டரில் வந்தார். துபாய் மச்சான் பேரீச்சம்பழத்துக்கும் போர்வைக்கும் நடுவில் சுற்றி எடுத்து வந்த பெரிய எஸ்.எம்.பி.எஸ். அவரே மாட்டினார், ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் ஒருமுறை லேசாக அசைந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டது.

"பாத்தீங்களா அண்ணே? கவர்மென்ட் ஆபீஸு மாதிரி. வேல வந்தாதான் எழுந்திருக்கும்."

"வேல வந்தா எழுந்திருக்குமா?"

"அந்த ஒரு வித்தியாசம் இருக்குது" என்று ஒத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

நானும் சுமதியும் மாறி மாறிக் காதை வைத்துப் பார்த்தோம். மூச்சை அடக்கிப் பார்த்தோம். டிஸ்க் சுழல்வது அடுத்த அறையில் யாரோ பட்டுப்புடவை மடிப்பது மாதிரிக் கேட்டது, அதுவும் காதை ஒட்டினால்தான். எஸ்.எம்.பி.எஸ். இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. கீழே போய் அழைத்து வந்தேன்.

டொக்கு சார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். இரண்டு நிமிடம் போனது. சுமதி புடவை முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கேக்குது" என்றார்.

"சார், ஃபேனே சுத்தல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பேப்பரு. உம்முன்னு ஒரே சீரா கேக்குது. கொறஞ்சிருக்குது, இல்லேன்னு சொல்லல. ஆனா கேக்குது."

நான் மறுபடியும் ஆரம்பித்தேன். வாட் கணக்கைச் சொன்னேன், துபாயைச் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சுமதி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு நடந்து போகிற மாதிரி நிதானமாகச் சுவரோரம் போனாள். குனிந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். நான்கு பச்சை விளக்கும் அணைந்தன.

"இப்ப கேக்குதா சார்?" என்றாள்.

"இப்பவும் கேக்குது டீச்சரம்மா. இப்பத்தான் நல்லாவே கேக்குது."

"கண்ணத் தொறந்து பாருங்க."

திறந்தார். அவள் கையில் பிளக் இருந்தது. அதைப் பார்த்தார். விளக்கு அணைந்த பெட்டியைப் பார்த்தார். காதை ஒருமுறை உள்ளங்கையால் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார். பிறகு எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

"தப்பு பண்ணிட்டேனா?" என்று சுமதி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் ஊரே நம்பிய காது அது. இன்னமும் பெரிய ஆர்டர் வந்தால் யூனிட்காரர்கள் வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். அந்தக் காதுக்குள் ஓடும் மோட்டாரை எங்கள் இருவர் முன்னால் கண்டுபிடித்தாகிவிட்டது. சாட்சிகளை யாரும் மாடியில் குடிவைத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் அவர் வெளியே வரவில்லை. அதற்கு அடுத்த நாள் ஆடி பிறந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்காரர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. சுமதி பாத்திரங்களில் பாதியைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தாள்.

ஆடி மூன்றாம் நாள் டொக்கு சார் மேலே வந்தார். கட்டி வைத்த பெட்டிகளைப் பார்த்தார்.

"பேப்பரு, கடலூர்ல காது டாக்டர் யாராவது தெரியுமா? எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு."

அவருக்குத் தெரிந்த ஒருத்தரை நான் கடலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வயதில் சின்னப் பெண், பொறுமையானவர். ஒரு சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். உள்ளே போகும்போது, "இந்த மாதிரி ஒரு ரூமு வாடகைக்குக் கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். பட்டனை விடாமல் அழுத்தினார். அவர்கள் சத்தம் கொடுத்தபோதும் அழுத்தினார், கொடுக்காதபோதும் அழுத்தினார். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "உள்ள ரொம்ப சத்தமா இருக்குது" என்றார்.

அடுத்து டாக்டர் டியூனிங் ஃபோர்க் என்கிற இரும்புக் கவையைத் தட்டி அவர் காதருகே நீட்டினார். டொக்கு சார் அதைக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். டாக்டர் கையிலிருந்து அதை வாங்கி, சட்டைப்பையிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்து, தானே ஒரு தட்டுத் தட்டினார்.

"டாக்டரம்மா, இது டொக்கு."

"என்னங்க?"

"விரிசல் இருக்குது. அடிக்கிட்ட. மாத்திடுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார். மேஜை இழுப்பறையில் இருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார்.

வேலை விவரமெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னது இது. டொக்கு சார் உட்கார்ந்து தட்டிய இடத்துக்குப் பின்னால் பத்தடியில், களிமண்ணையும் கல்லையும் அரைக்கும் பெரிய உருளை ஒன்று முப்பது வருடமாக உருண்டுகொண்டிருந்தது. அந்த இரைச்சல் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. தின்றுபோன இடத்தில் காதே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதை எடுக்க மருந்து இல்லை.

"எப்பலேர்ந்து கேக்குது ஐயா?"

யோசித்தார். "முன்னாடியே இருந்திருக்கும் போல. வூட்டுல பேசறதுக்கு ஆள் இல்லாம போன பொறவுதான் காதுல வுழுந்துச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். "ரொம்ப அமைதியா இருந்தீங்கன்னா அதிகமாத்தான் கேக்கும். பக்கத்துல சின்னதா, ஒரே சீரா ஒரு சத்தம் ஓடுற மாதிரி வெச்சிக்குங்க. ஃபேன் மாதிரி எதாவது. காது அதைப் பிடிச்சிக்கிட்டு இதை விட்டுடும்."

திரும்பும் பஸ்ஸில் அவர் டிரைவருக்கு எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. நெய்வேலி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த மீன்காரன் ஒண்ணும் பண்ணல."

"ஆமா சார்."

"டைலரு?"

"அவரும்தான் சார்."

ஜன்னலுக்கு வெளியே முந்திரிக்காடு ஓடியது. "ஃபிரிட்ஜுக்காரன் விசயம் வேற" என்றார் கடைசியில். "அந்த ஃபிரிட்ஜு நெசமாவே டொக்கு."

வீட்டு வாசலில் இறங்கியதும் தயங்கி நின்றார். "அந்தப் பழைய குட்டிப் பொட்டி... தூக்கிப் போட்டுட்டீங்களா?"

போடவில்லை. அன்று மாலையே துபாய் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி அவர் அறையில், கட்டிலுக்குத் தலைமாட்டில் வைத்தோம். சுமதி ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன் அதன் வயதுக்கேற்ற இருமலோடு ஆரம்பித்து, பழைய உறுமலைப் பிடித்தது. டொக்கு சார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தோள் இரண்டும் ஒரு அங்குலம் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

அமைதியான எஸ்.எம்.பி.எஸ். தேடி மங்கலம்பேட்டைக்கும் துபாய்க்கும் போன ஆராய்ச்சி இப்படி முடிந்தது. துபாய் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்த பாய் முழுக் கதையையும் கேட்டார். "அண்ணே, என் சர்வீஸுல சத்தம் பத்தலைன்னு மாத்துன மொத ஆளு நீங்கதான்" என்றார். இப்போது தூசி துடைக்க நான் பெட்டியை ஐந்து நிமிடம் அணைத்தால்கூட அதட்டல் கேட்கும். "பேப்பரு, இன்னா நிறுத்திட்டீங்க? போட்டு வுடுங்க!"

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"எழுதுங்க. ஆனா பேரப் போடாதீங்க. டொக்குன்னு மட்டும் போடுங்க, யாருக்கும் தெரியாது."

அப்படியே செய்திருக்கிறேன்.

ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாள், பள்ளியிலிருந்து வந்த சுமதி கேட் அருகே நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள். இறங்கிப் போனேன். தூணில், அவர் பெயர் இருக்கும் பலகைக்குக் கீழே புதிதாக ஒரு பீங்கான் பலகை இருந்தது. வெள்ளையில் நீல எழுத்து. மேல் வரியில் சுமதியின் பெயர், கீழ் வரியில் என் பெயர். சூளையில் சுட்டெடுத்த எழுத்து, சுரண்டினாலும் போகாது. நான்கு மூலையிலும் திருகாணி போடத் துளை இருந்தது. அவர் திருகாணி போடவில்லை. சிமென்ட் வைத்துப் பதித்திருந்தார்.